கிளட்ச் சீக்கிரம் போகிறதா? கியர் பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

டெல்டாவில் மலை கிடையாது. கல்லணையில் புறப்பட்டுக் கோடியக்கரை வரை போனாலும் காரைத் திணறவைக்கும் ஏற்றம் ஒன்றும் வராது. அப்படியிருந்தும் கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி வட்டாரத்தில் ஓடும் வேகக் கார்களில் கிளட்ச் வயதுக்கு முன்பே கருகிப் போகிறது. எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரத்துக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே அழுந்தி, எஞ்சினின் விசையைக் கியர் பாக்ஸுக்குக் கொடுக்கும் தட்டுதான் கிளட்ச் பிளேட். அதன் இரு பக்கமும் உள்ள உராயும் பரப்பு லைனிங். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தி அந்தப் பிடியை விடுவிக்கும். லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் கம்பெனி போட்டுக்கொடுத்த பிளேட்டிலேயே ஓடும் கார்கள் இங்கே உண்டு. அதே மாடலில் 20,000 கிலோமீட்டருக்குள் கியர் பாக்ஸை இறக்கியவையும் உண்டு. இந்த வித்தியாசத்துக்குப் பிளேட்டின் தரம் காரணமாக இருப்பது அரிது.

கிளட்ச் பற்றி எந்தப் புகாரைச் சொன்னாலும் பட்டறையில் கிடைக்கும் முதல் பதில், “பிளேட் போய்விட்டது” என்பதுதான். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றினால் புதிய பிளேட்டும் அதே வழியில் போகும். சில நேரம் பிளேட் நன்றாகவே இருக்கும். நூறு இருநூறு ரூபாய் ஆயில் சீலோ, கால்மிதியின் மடிந்த ஓரமோ வேலையைக் காட்டியிருக்கும். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி சின்னத் தொகை இல்லை. ஆகவே அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போவோம்.

வேகக் கார் என்று இங்கே சொல்வது, முறுக்குவிசை மிகுந்த எஞ்சினும் மேனுவல் கியரும் சேர்ந்த கார்களை. 2015-இல் வந்த ஃபியட் அபார்த் புன்டோ 212 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. இன்றைய ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5 டர்போ 250, ஹூண்டாய் வெர்னா 1.5 டர்போ 253. பின்னிரண்டிலும் இத்தனையும் நிமிடத்துக்கு 1,500, 1,600 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் இதில் பாதி கூடக் கிடையாது. அந்தக் காரில் பழகிய கால் அப்படியே இந்தக் காருக்கு மாறும்போதுதான் தொல்லை ஆரம்பம்.

முதலில், கருவி இல்லாமல் பார்க்கக்கூடியவை

கிளட்ச் பெடலுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். ரப்பர் கால்மிதி, அதன் மேல் கயிற்று மிதியடி, அதற்கும் மேல் கார் கழுவியவர் போட்ட செய்தித்தாள் என்று அடுக்கிவைத்தால் பெடல் முழுதும் இறங்காது. கடைசி ஒரு சென்டிமீட்டர் இறங்காவிட்டாலும் கிளட்ச் முழுதாகப் பிரியாது, கியர் கரகரக்கும். எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்து, பெடலை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் இறங்க வேண்டும். இதுதான் ஃபிரீ பிளே. பெடலின் இழுப்பைக் கம்பி கொண்டுபோகும் கேபிள் கிளட்சில் பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அறவே இல்லாமல் போனால், யாரும் மிதிக்காதபோதே ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். கையேட்டில் இருக்கும் அளவையே பின்பற்றுங்கள்.

மூன்றாவதாக பிரேக் ஆயில் டப்பா. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் பெரும்பாலான ஹைட்ராலிக் கிளட்சுகளுக்கும் பிரேக்குக்கும் அது ஒன்றுதான். மட்டம் இறங்கியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

ஸ்லிப் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இது முதலில் தலைகாட்டும் இடம் நகரம் இல்லை, நெடுஞ்சாலை. தஞ்சாவூர்–விக்கிரவாண்டி சாலையில் ஆறாம் கியரில் போகிறீர்கள். முன்னால் போகும் லாரியைத் தாண்ட ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் சட்டென்று 500, 700 சுற்று மேலே குதிக்கிறது. கார் அதே வேகத்தில் போகிறது. பிறகு முள் மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வருகிறது. டர்போ எஞ்சின் குறைந்த சுற்றிலேயே முழு முறுக்குவிசையையும் தருவதாலும், மேல் கியரில் அந்தப் பளு நீண்ட நேரம் நிற்பதாலும் ஸ்லிப் அங்கே முதலில் தெரிகிறது. முதல் கியரில் தெரியும்வரை காத்திருந்தால் பிளேட்டோடு ஃபிளைவீலும் போயிருக்கும்.

சோதிக்கும் முறை: போக்குவரத்தில்லாத நேரான சாலை, எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், நான்காம் அல்லது ஐந்தாம் கியர், 1,800 முதல் 2,000 சுற்று. அங்கிருந்து ஆக்சிலரேட்டரை முழுதும் மிதியுங்கள். முள்ளும் வேகமும் ஒன்றாக ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. முள் தனியாக ஓடினால் இல்லை. ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சோதனையும் மிச்சமிருக்கும் லைனிங்கைத் தின்கிறது.

கை பிரேக்கைப் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்சை விட்டு, எஞ்சின் அணைந்தால் கிளட்ச் நல்லது என்று சொல்லும் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. டர்போ காருக்கு இதை நம்ப வேண்டாம். ஐடிலிங்கில் எஞ்சின் தருவது மிகச் சொற்பமான விசை. அதைத் தாங்கும் பிளேட் 250 நியூட்டன் மீட்டரையும் தாங்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? தேய்ந்த கிளட்ச் இந்தச் சோதனையில் அழகாகத் தேறிவிடும்.

ஸ்லிப் உறுதியானால் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில், எஞ்சின் கணினியின் நிரலை மாற்றி விசையைக் கூட்டும் ரீமேப்பை யாராவது செய்திருக்கிறார்களா? பழைய கார் வாங்கியவர்கள் இந்தக் கேள்வியை விற்றவரிடம் அவசியம் கேட்க வேண்டும். கிளட்ச் தாங்கும் விசை நான்கு பொருள்களின் பெருக்கல்: லைனிங்கின் உராய்வு, பிரஷர் பிளேட்டின் அழுத்தம், லைனிங்கின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை. தயாரிப்பாளர் இதைக் கணக்கிட்டு, எஞ்சினின் உச்ச விசைக்கு மேல் கொஞ்சம் உபரி வைத்திருப்பார். 250 தரும் எஞ்சினை ரீமேப் செய்து 300-க்கு மேல் கொண்டுபோகும்போது செலவாவது அந்த உபரிதான். புதிய பிளேட் சில மாதம் தாங்கும். பாதி தேய்ந்தது தாங்காது. கம்பெனி மேப்பைத் திரும்பப் போட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். ஸ்லிப் நின்றுவிட்டால் பிளேட்டில் உயிர் இருக்கிறது. முடிவை அதன் பிறகு எடுக்கலாம்.

இரண்டாவது, பெடல் முழுதும் மேலே திரும்புகிறதா என்பது. கேபிளில் ஃபிரீ பிளே இல்லாமல் போனதை மேலே சொன்னேன். ஹைட்ராலிக்கிலும் இதே தொல்லை உண்டு. பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டாலோ, பெடலிலிருந்து அதைத் தள்ளும் புஷ் ராடை யாராவது நீளமாக வைத்துவிட்டாலோ குழாயில் அழுத்தம் தங்கிவிடும். காலை எடுத்த பிறகும் கிளட்ச் கொஞ்சம் மிதிபட்டே இருக்கும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: காலையில் நன்றாக இருக்கும், அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு ஸ்லிப் வரும். கியர் பாக்ஸ் பக்கம் அந்த அழுத்தத்தை வாங்கும் ஸ்லேவ் சிலிண்டரின் காற்று நிப்பிளைச் சற்றே தளர்த்தியதும் கிளட்ச் பிடித்துக்கொண்டால் குற்றம் பிளேட்டுடையது இல்லை.

மூன்றாவது ஆயில். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்பக்க சீல் கசிந்தால் எஞ்சின் ஆயிலும், பிளேட் சுழற்றும் கியர் பாக்ஸ் உள்தண்டின் சீல் கசிந்தால் கியர் ஆயிலும் லைனிங்கில் ஏறும். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் விரலை வைத்துத் துடைத்து முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தக நெடி தூக்கலாக இருக்கும். எஞ்சின் ஆயிலில் அது இருக்காது. இந்தச் சின்ன வித்தியாசம் எந்த சீலை வாங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் பிளேட் தேய்ந்துதான் போயிருக்கிறது. அப்போது பழி போக வேண்டிய இடம் அடுத்த தலைப்பு.

கருகிய வாடை

இந்த வட்டாரத்தில் கிளட்சைக் கொல்லும் முதல் எதிரி ஆற்றங்கரை. சாலை கரையின் மேல் ஓடும். ஊரும் தெருவும் கீழே இருக்கும். தெருவிலிருந்து சாலைக்கு ஏற ஒரு சின்ன, செங்குத்தான சரிவு. ஏறி, மூக்கை நீட்டி நின்றால் இரண்டு பக்கமும் பஸ். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பாலம், பாலத்துக்கு ஏற்றம். உள்ளூர் வாய்க்கால்களின் மதகுப் பாலங்களில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே வருபவர் இறங்கும்வரை ஏற்றத்திலேயே நிற்க வேண்டும்.

கருகிய பிளேட்டோடு வரும் இளைஞர்களிடம் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் கேட்கும் கேள்வி ஒன்றே: “தம்பி, கரை ஏறி நிற்கும்போது காலை எங்கே வைத்திருப்பீர்கள்?” பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: “பாதி கிளட்சில்தான் அண்ணே, விட்டால் வண்டி பின்னால் போய்விடுமே.”

பாதி கிளட்சில் நிற்பது எவ்வளவு சூட்டைக் கிளப்பும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,200 கிலோ எடையுள்ள கார், பத்துக்கு ஒன்று ஏற்றம். கார் பின்னால் உருளாமலிருக்கச் சக்கரத்தில் சுமார் 1,180 நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்தின் ஆரம் 30 சென்டிமீட்டர், முதல் கியரின் மொத்த விகிதம் 14 என்று வைத்துக்கொண்டால் கிளட்ச் தாங்க வேண்டியது 25 நியூட்டன் மீட்டர். எஞ்சின் 1,500 சுற்றில் ஓடுகிறது, பிளேட் நிற்கிறது. அந்த உராய்வில் எழும் வெப்பம் ஏறத்தாழ 4 கிலோவாட். இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்து ஒரு தட்டை வறுப்பதற்குச் சமம் அது. ஒரு பஸ்ஸும் இரண்டு டிராக்டரும் கடந்து போகும்வரை இப்படி நின்றால் பிளேட் என்னாகும்?

கை பிரேக் எதற்கு இருக்கிறது? இழுத்துப் பிடியுங்கள், கிளட்சை முழுதும் மிதித்து நியூட்ரலில் போடுங்கள். வழி கிடைத்ததும் முதல் கியர், கிளட்ச் பிடிக்கும் இடம் வந்து காரின் முன்பக்கம் லேசாகத் தூக்கியதும் கை பிரேக்கை விடுங்கள். ஹில் ஹோல்ட் உள்ள கார் என்றால் பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓரிரு நொடி தானே பிடித்திருக்கும். புறப்பட அது போதும். அதை நம்பி நீண்ட நேரம் நிற்க முடியாது.

இரண்டாவது எதிரி, ஊர்ந்து போகும் கூட்டம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி, திருவாரூரில் ஆழித்தேர், கும்பகோணத்தில் முகூர்த்த நாள் என்றால் எந்தத் தெருவும். 2028-இல் மகாமகம் வேறு வருகிறது. சம்பா அறுவடைக் காலத்தில் நெல்லைச் சாலையில் காயப்போட்டிருப்பார்கள். மிச்சமிருக்கும் பாதியில் அறுவடை இயந்திரமும் கொள்முதல் நிலையத்து லாரியும் போகும். அங்கெல்லாம் முன்னே இருப்பவர் ஓர் அடி நகர்ந்தால் நாமும் ஓர் அடி நகர்வது வழக்கம். அந்த ஒவ்வோர் அடிக்கும் கிளட்ச் ஒரு முறை உராய்கிறது.

ஒரு கார் நீளம் இடைவெளி விழட்டும். பிறகு முதல் கியரில் கிளட்சை முழுதும் விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஊர்ந்து போங்கள். இன்றைய டர்போ எஞ்சின்கள் ஐடிலிங்கிலேயே சமதரையில் காரை இழுத்துப் போகும், கணினி அணையவிடாது. இடைவெளியில் ஒரு ஸ்கூட்டர் நுழையத்தான் செய்யும். நுழையட்டும்.

மூன்றாவது எதிரி கூச்சப்படாமல் வருவது: புறப்படும்போது எஞ்சினை முறுக்குவது. நின்ற நிலையிலிருந்து காரை நகர்த்தும்போது, கார் பெறும் இயக்க ஆற்றலுக்குக் குறையாத அளவு கிளட்சில் வெப்பமாகிறது. 1,200 கிலோ காரில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் நேரம் வேகம் 10 கிலோமீட்டர் என்றால் 4.6 கிலோ ஜூல். 20 கிலோமீட்டர் என்றால் 18.5. சுற்று இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சிக்னலில் 1,200 சுற்றில் புறப்படுபவருக்கும் 2,400-இல் புறப்படுபவருக்கும் பிளேட்டின் ஆயுளில் இருக்கும் வேறுபாட்டுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வாடை வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது? எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பதுதான் பலருக்குத் தோன்றும். அதைவிட, காலைக் கிளட்ச் பெடலிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்லிப் ஆகாத மென்மையான ஓட்டத்தில் சில கிலோமீட்டர் போவது நல்லது. அதற்கு வழியில்லையென்றால் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். ஃபிளைவீல் சுழன்றால் உறைக்குள் காற்று அசையும். ஒரு முறை வாடை வந்ததால் கிளட்ச் செத்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். மறுநாள் ஸ்லிப் சோதனையில் தேறினால் ஓட்டலாம்.

புறப்படும்போது கார் உதறுகிறது

முதல் கியரில் கிளட்சை விடும்போது கார் தடதடவென்று அதிர்ந்து, முழுதும் பிடித்ததும் சரியாகிவிடுகிறது. பெரும்பாலும் சூட்டால் ஃபிளைவீலில் நீலத் திட்டுகள் விழுந்திருக்கும், அல்லது லைனிங் கண்ணாடிபோல வழவழத்திருக்கும், அல்லது துளி ஆயில் ஏறியிருக்கும். ஆனால் கியர் பாக்ஸில் கை வைக்கும் முன் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகளைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, கை பிரேக்கை இழுத்துப் பிடித்து, உள்ளே ஒருவர் முதல் கியரில் கிளட்சை நொடி நேரம் லேசாகப் பிடிக்கவிட்டு உடனே மிதிக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், காருக்கு முன்னால் நிற்க வேண்டாம். எஞ்சின் துள்ளி எழுந்து திரும்பி விழுந்தால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. அதை மாற்றியதும் உதறல் நின்ற கார்கள் ஏராளம்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஓர் உதறல் வரும். முந்தைய நாள் தேங்கிய நீரில் ஓட்டியிருப்பீர்கள். ரயில்வே சுரங்கப்பாதை எதிலாவது இறங்கி ஏறியிருப்பீர்கள். கிளட்ச் உறை நீர் புகாதபடி மூடப்பட்டது இல்லை. இரவில் ஃபிளைவீலில் மெல்லிய துரு படியும். காலையில் நாலைந்து முறை புறப்பட்டு நின்றதும் அது தேய்ந்து போய்விடும். இதற்குச் செலவு செய்ய வேண்டாம். வண்டல் கலந்த நீர் புகுந்திருந்தால் மட்டும் கதை வேறு: நீர் வற்றிய பிறகு மணல் தங்கி, ரிலீஸ் பேரிங் சறுக்கும் குழலை அரிக்கும். பெடல் சொரசொரவென்று இறங்கினால் அதுதான்.

கியர் விழவில்லை, ரிவர்ஸ் கரகரக்கிறது

ஸ்லிப்புக்கு நேர் எதிரான நோய் இது. கிளட்ச் பிரியவில்லை. இதையும் “பிளேட்” கணக்கில் எழுதிவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பெரும்பாலும் பிளேட்டுக்கு இதில் சம்பந்தமே இருக்காது.

எஞ்சின் ஐடிலிங்கில் இருக்க, கிளட்சை முழுதும் மிதித்து ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பல கியர் பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு, கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ கிடையாது. அவசரமாகப் போட்டால் கரகரப்பது இயல்பு. ஐந்து நொடிக்குப் பிறகும் கரகரத்தால் உள்தண்டு இன்னும் சுழல்கிறது, கிளட்ச் இழுக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, பெடலை வேகமாக மூன்று நான்கு முறை மிதித்துவிட்டு உடனே கியர் போட்டுப் பாருங்கள். இப்போது எளிதாக விழுந்தால் ஹைட்ராலிக்கில் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது. டப்பாவில் ஆயில் மட்டத்தைக் குறித்துவைக்கச் சொன்னது இதற்குத்தான். கசிவு மூன்று இடத்தில் இருக்கலாம். ஓட்டுநர் காலுக்கு மேலே, பெடல் தள்ளும் கம்பி மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழையும் இடத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர். கியர் பாக்ஸின் வெளிப்புறம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்கும்போது ஆயில் வழிந்தால் குற்றம் அதனுடையது. இரண்டும் காய்ந்திருந்து மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே போனால், கிளட்ச் உறைக்குள்ளேயே தண்டைச் சுற்றி அமைந்த வகை ஸ்லேவ் சிலிண்டராக இருக்கும். நிஸான் 370இசட் உரிமையாளர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தலைவலி. இதற்கு மட்டும் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கிய பிறகு பிளேட்டையும் பார்த்துக்கொள்ளலாம். பிரேக் பேட் தேய்ந்தாலும் ஆயில் மட்டம் சற்று இறங்கும், அதைக் கசிவு என்று நினைத்துவிடாதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு வைத்திருக்கும் எல்லை 155. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் ஓடும் கார் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிக் காற்றெடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நிப்பிளுக்கு ரப்பர் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தொலைந்த கார்களில் நிப்பிள் துருவேறி, ஸ்பானர் வைத்ததும் ஒடியும்.

பெடலை எத்தனை முறை மிதித்தாலும் மாற்றமில்லை, கசிவும் இல்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும்: நெளிந்த பிளேட், துருப்பிடித்த பல்தண்டு (உள்தண்டில் பிளேட் உட்காரும் பல் பகுதி), உள்தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியது, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் வளைந்தது.

மாதக்கணக்கில் நின்ற கார்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த மாவட்டங்கள் இவை. ஆசையாக வாங்கிய கார் கொட்டகையில் நிற்கும். வருடத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு வந்து எடுப்பார்கள். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க நின்ற காரில் பிளேட் ஃபிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வது உண்டு. பெடல் வழக்கம்போல் இறங்கும், கியர் மட்டும் எதுவும் விழாது.

முன்னால் நூறு அடியாவது வெற்றிடம் உள்ள களம் வேண்டும், மனிதரோ மாடோ இருக்கக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி அணையுங்கள். இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கார் உடனே நகரும். கிளட்சை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரைக் கொடுத்துக் கொடுத்து விடுங்கள். ஒட்டல் விட்டால் கார் தானாக விடுபட்டு உருளும். சில முறையில் விடாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம். இறக்கித் துடைப்பதே மலிவு.

கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சையும் அதன் ஒயரையும் பாருங்கள். கிளட்சை மிதித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகும் கார்களில் எலி அந்த ஒயரைக் கடித்தால் கதை முடிந்தது. வயலில் அறுவடை முடிந்தால் எலிகள் கொட்டகைக்குத்தான் வரும்.

சத்தங்கள்

பெடலை மிதித்தால் கீச்சென்று சத்தம், விட்டால் நின்றுவிடுகிறது என்றால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது உறுமி, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் உள்தண்டு பேரிங். ஐடிலிங்கில் கடகடத்து, எஞ்சினை அணைக்கும்போது ஒரு முறை ‘தொம்’ என்று இடித்தால் இரண்டு தட்டுகளை ஸ்பிரிங்கால் இணைத்த இரட்டை ஃபிளைவீலின் உள் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். டொயோட்டா ஜிடி86 போன்ற சில கார்களில் ரிலீஸ் பேரிங் கிரீச்சிடுவது பரவலாகத் தெரிந்த குறை. சத்தம் மட்டும்தான் என்றால் அவசரப்பட வேண்டாம்.

பெடல் கனக்கிறது

பிளேட் தேயும்போது பிரஷர் பிளேட்டின் விரல்கள் சாயும் கோணம் மாறி, பெடல் மெல்ல மெல்லக் கனக்கும். தினமும் ஓட்டுபவருக்குத் தெரியாது, ஊரிலிருந்து வந்த மச்சான் ஓட்டிப் பார்த்துச் சொல்வார். கேபிள் கிளட்ச் என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இறக்கிய பிறகு பழைய பிளேட்டைப் படியுங்கள்

பழைய பிளேட்டைப் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள். கையில் வாங்கிப் பாருங்கள், அதில் முழு வரலாறும் இருக்கிறது. லைனிங்கின் மேற்பரப்பிலிருந்து ரிவெட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். டொயோட்டா கையேடுகளில் 0.3 மில்லிமீட்டர் கடைசி எல்லை. ஆழம் நிறைய மிச்சமிருந்தும் ஸ்லிப் ஆகியிருந்தால் பிளேட் தேயவில்லை. ஆயிலோ, அழுத்தக் குறைவோ, ரீமேப்போ காரணம்.

இரு பக்கமும் சீராகத் தேய்ந்து நிறம் மாறாமலிருந்தால் அது ஆண்டு அனுபவித்துச் செத்த பிளேட். ஓட்டுநருக்குக் கை கொடுக்கலாம். பிரஷர் பிளேட்டில் நீலமும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தால் ஆற்றங்கரையில் நின்றவர். நடுவே உள்ள சுருள் ஸ்பிரிங்குகள் உடைந்தோ, பல் கொண்ட நடுப்பகுதி கிழிந்தோ இருந்தால் கிளட்சை ‘டப்’பென்று விட்டுப் புறப்பட்டவர். லைனிங் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் அது உராய்வால் நேர்ந்ததே இல்லை. வேகமாகப் போகும்போது கிளட்சை மிதித்தபடி முதல் கியரைத் திணித்தால், சக்கரம் பிளேட்டைத் தலைகால் புரியாத வேகத்தில் சுழற்றும். முதல் கியரில் ஆயிரம் சுற்றுக்கு 8 கிலோமீட்டர் போகும் காரில், 100 கிலோமீட்டர் வேகத்தில் பிளேட் 12,000 சுற்றைத் தாண்டிவிடும். எஞ்சின் சும்மா இருக்கும், பிளேட் வெடித்துவிடும். டாக்கோமீட்டர் இதைக் காட்டாது.

மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாகப் போடுங்கள். கிராங்க் சீலில் ஈரம் தெரிந்தால் அதையும். சாதாரண ஃபிளைவீலில் நீலத் திட்டு இருந்தால் லேத்தில் கடைசல் பிடிக்கலாம். இரட்டை ஃபிளைவீலில் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. பல்தண்டில் கிரீஸ் தடவியதே தெரியாத அளவு தடவச் சொல்லுங்கள். அப்பிய கிரீஸ் சுழன்று தெறித்துப் புது லைனிங்கில்தான் ஏறும்.

ரீமேப்பை விட மாட்டேன் என்பவர்களுக்கு வலுவான கிளட்ச் செட்டுகள் கிடைக்கின்றன. செராமிக் துண்டுகள் பதித்த பிளேட் பந்தயத் தளத்துக்கு நல்லது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் அது ஒவ்வொரு அடிக்கும் உதறும், குடும்பத்தோடு போக முடியாது. அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் சாதாரண வகை லைனிங்கும் சேர்ந்த செட் இங்கே ஓட்ட ஏற்றது. அதிலும் ஒரு கவனம்: பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடுதல் அழுத்தம் கிராங்கை நீளவாக்கில் தள்ளும். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலை மிதிக்க, கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால், அந்தத் தள்ளலைத் தாங்கும் திரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த எஞ்சினில் கனமான கிளட்ச் போடக் கூடாது. சிக்னலில் நியூட்ரல் போட்டுக் காலை எடுக்கும் பழக்கம் இந்த செட் போட்டவர்களுக்குக் கட்டாயம்.

புதிய கிளட்ச் படிய 500 முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள்ளான ஓட்டம் வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் 500 கிலோமீட்டர் போனால் அது கணக்கில் வராது. கியர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், ரீமேப் செய்த காரில் கம்பெனி மேப்பே இருக்கட்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் காரை லிஃப்டில் ஏற்றி, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் விரலை வைத்து ஒரு முறை துடைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் போதும்; ஈரம் இருந்தால், எந்த ஆயில் என்று முகர்ந்துவிட்டு, வேலை செய்தவரிடமே திரும்பப் போங்கள்.